மிச்ச எழுத்துகளில் ஒரு பெயர்

“என்ன கடை, பாப்பா?”

செல்லம்மா கேட்ட முதல் கேள்வி அதுதான். அன்றைய பேச்சு முழுவதும் அனுபமாவுக்கு வரிசை மாறாமல் நினைவிருக்கிறது. எந்தப் பேச்சு மறந்துபோனால் தேவலையோ, அதுதான் இப்படி ஒரு சொல் உதிராமல் தங்கிவிடுகிறது.

சனத்நகரில் கடைப் பலகைகளுக்கு எழுத்து வெட்டும் பட்டறையின் கீழ்த்தளம் அது. செல்லம்மா சிமெண்டுத் தரையில் சாக்கை விரித்து, வலது காலை நீட்டி உட்கார்ந்து, ஸ்டீல் எழுத்துகளைப் பஞ்சுத் தாளில் சுற்றிக்கொண்டிருந்தாள். எதிரே அனுபமா நின்றிருந்தாள். வேலைக்குச் சேர்ந்து மூன்றாவது வாரம். கையில் நீல பிளாஸ்டிக் டிரே, அதில் எட்டு ஆங்கில எழுத்துகள். அவற்றிலிருந்து ஒரு கடைக்குப் பெயர் தேடியாக வேண்டும்.

“பியூட்டி பார்லர், அக்கா.”

“உன் போன் என்ன சொல்லுது?”

“நிறையச் சொல்லுது. ஆறு எழுத்துல ஒண்ணு நல்லா இருந்தது. ‘மோர்க்’னு. ஸ்டைலா இருக்கேன்னு எடுத்துட்டேன். அப்புறம்தான் அர்த்தம் பார்த்தேன்.”

“என்ன அர்த்தம்?”

“பிணவறை.”

சுவரோரம் பலகைக்கு ஓட்டை போட்டுக்கொண்டிருந்த டேனியல் டிரில்லை நிறுத்திவிட்டார். “அதையே வெச்சிடுங்க மேடம். உள்ளே போன கஸ்டமர் வேற பார்லருக்குப் போகவே மாட்டாங்க.”

“சும்மா இருய்யா. புதுப் பொண்ணு, பயந்துடப் போகுது,” என்று அவரை அடக்கிவிட்டு, செல்லம்மா டிரேயை வாங்கிச் சாக்கின்மேல் கவிழ்த்தாள். எழுத்துகளை விரல் நுனியால் அங்கும் இங்கும் தள்ளினாள். படிப்பதைப் போல இல்லை. அரிசியில் கல் பார்ப்பதைப் போல இருந்தது. “இந்த ஈ நக்கோ, வேணாம்,” என்று ஒன்றை ஒதுக்கினாள். மற்ற ஏழையும் வரிசையாக வைத்தாள்.

“இது இருக்கு பாரு. ரெண்டு தடவை பேக் பண்ணியிருக்கேன். ஒண்ணு அல்வாலுக்குப் போச்சு. இன்னொண்ணு மெஹ்திப்பட்டினம். ரெண்டுமே பார்லர்தான்.”

அனுபமா தலையைச் சாய்த்துப் படித்தாள். “கிளாமர்.”

“அப்படித்தான் சொல்லணுமா? நல்ல அர்த்தம்தானே?”

“அழகுதான் அக்கா. பார்க்கிறவங்களை அசத்துற அழகு.”

“ஹவ், ஆமா. பிணவறைக்கு இது பரவாயில்லை. ஆனா இந்த ஓ எட்டு அங்குலம், மத்ததெல்லாம் ஆறு. மேலே ரேக்குல மூணாவது தட்டுல ஆறு அங்குல ஓ ஒண்ணு கிடக்கும், மாத்திக்கோ. உன் போனுக்கு இதெல்லாம் எங்கே தெரியும்?”

அவ்வளவுதான் பேச்சு. அனுபமா மேலே போனாள், ஓவை மாற்றினாள், டிரேயை முதலாளி ராகவேந்திராவின் மேஜையில் வைத்தாள். அவர் எழுத்துக் கூட்டிப் பார்த்தார். முகம் மலர்ந்தது. “பாகுந்தி! இதுக்குத்தான் இங்கிலீஷ் மீடியம் பொண்ணு வேணும்னு சொன்னேன்,” என்றார் தெலுங்கில், அறையிலிருந்த எல்லோருக்கும் கேட்கும்படி.

அனுபமா எதுவும் சொல்லவில்லை. சொல்லாமல் இருந்தது பொய் ஆகாது என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டாள்.

அந்தப் பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. பலகை கேட்டு வருகிறவர்களில் சிலர் எழுத்து தயாரான பிறகு மனம் மாறுவார்கள். கடை திறக்கும் முன்பே கூட்டாளிகள் சண்டை போட்டுப் பிரிவார்கள். ஜோசியர் பெயரை மாற்றச் சொல்வார். அப்படிக் கைவிடப்பட்ட எழுத்துகள் மாடி ரேக்கில் குவிந்து கிடக்கும். அவற்றை உருக்க ராகவேந்திராவுக்கு மனம் வராது. புதிதாகச் சின்னக் கடை வைக்கிறவர்கள், இன்னும் பெயர் முடிவு செய்யாதவர்கள் வந்தால், “ரெடி லெட்டர்ல போட்டுத் தர்றேன், பாதி ரேட்டு,” என்பார். ஒரே அளவு, ஒரே நிறத்தில் கிடக்கும் எழுத்துகளைப் பொறுக்கி டிரேயில் போட்டு, அதற்குள் அந்தக் கடைக்குப் பொருந்தும் ஓர் ஆங்கில வார்த்தையைத் தேடிக் கொடுக்க வேண்டும். குஷாய்குடாவிலிருந்து போவன்பள்ளி வரைக்கும் எத்தனையோ கடைகள் இப்படி மிச்சத்தில் பிறந்த பெயரோடு நிற்கின்றன. கடைக்காரர்களுக்கு அதில் குறையில்லை. தாங்களே தேடியிருந்தாலும் இவ்வளவு ஸ்டைலான பெயர் கிடைத்திருக்காது என்றுதான் சொல்வார்கள்.

அந்தத் தேடலுக்காகத்தான் அனுபமாவை வேலைக்கு எடுத்தார்கள். நேர்காணலில் அவர் கேட்டது ஒரே கேள்வி: “இங்கிலீஷ் மீடியமா?” அவள் ஆமாம் என்றாள். அது பாதி உண்மை. எட்டாம் வகுப்பு வரை செகந்திராபாத்தில் தமிழ் வழிப் பள்ளி. அதற்குப் பிறகுதான் ஆங்கிலம். குஷாய்குடா தொழிற்சாலையில் வேலை பார்த்த அவள் அப்பா பக்தவத்சலம், இரண்டு மொழி தெரிந்தால் இரண்டு கதவு திறக்கும் என்று நினைத்து அப்படிச் செய்தார். அவளுக்கோ இரண்டு கதவுக்கும் நடுவில் நிற்பதாகவே தோன்றும். ஆங்கிலத்தில் யாராவது வேகமாகப் பேசினால் தலையை ஆட்டிவிட்டுப் பிறகு தனியாக யோசிப்பாள். அதனால் பொதுவாகவே அதிகம் பேசமாட்டாள்.

தேடலுக்கு அவளிடம் இருந்தது போன் மட்டும்தான். எழுத்துகளைத் தட்டினால், அவை வரும் வார்த்தைகளையெல்லாம் பட்டியலிடும் வலைத்தளம் ஒன்று. ஒரு டிரேக்கு இருநூறு, முந்நூறு வார்த்தைகள் கொட்டும். அவற்றில் பாதியை அவள் வாழ்நாளில் பார்த்ததில்லை. மீதியில் எது ஒரு கடையின் நெற்றியில் நிற்கும், எது நிற்காது என்று அதற்குச் சொல்லத் தெரியாது. எல் எழுத்து ஒன்றுதான் இருக்கிறது என்று அவள் மறந்துபோனால் அதுவும் மறந்துபோகும். எம் எழுத்தைத் தலைகீழாக மாட்டினால் டபிள்யூ ஆகும் என்பதும், பின்னால் ஆணி பற்றவைத்த எழுத்தை அப்படித் திருப்ப முடியாது என்பதும் அதற்குத் தெரிய வழியில்லை.

செல்லம்மாவுக்குத் தெரியும்.

அவள் பிறந்தது லாலாகுடா ரயில்வே குவார்ட்டர்ஸில். தாத்தா காலத்தில் ஆற்காட்டுப் பக்கமிருந்து வந்தவர்கள். அப்பா ரயில்வேயின் வண்டிப்பெட்டிப் பட்டறையில் கலாசித் தொழிலாளி. ஆறாம் வகுப்போடு படிப்பு நின்றது, அதுவும் தமிழில். ஏபிசிடியை ஒழுங்காகச் சொல்லச் சொன்னால் கியூவுக்கு அப்புறம் தடுமாறுவாள். இந்தப் பட்டறைக்கு வந்து பதினெட்டு வருஷம். பட்டறையை விட்டுப் போகும் ஒவ்வொரு பலகையும் அவள் கையால் சுற்றப்பட்டுத்தான் போயிற்று. பெட்டியில் எழுத்துகள் வரிசைப்படி இருக்க வேண்டும். மாட்டுகிறவர்கள் அந்த வரிசையைப் பார்த்துத்தான் மாட்டுவார்கள். ஒருமுறை வரிசை மாறி, மல்காஜ்கிரியில் ஒரு கண்ணாடிக்கடை மூன்று நாள் தப்பான பெயரோடு நின்றதற்காக வாங்கிய திட்டு அவளுக்கு இன்னும் நினைவிருக்கிறது. அதற்குப் பிறகு ஒவ்வொரு வார்த்தையையும் ஆளின் முகத்தைப் பார்த்து வைப்பதைப் போலப் பார்த்து வைத்துக்கொண்டாள். ஓசை தெரியாது. அர்த்தம் தெரியாது. இந்த முகம் பேக்கரி, இந்த முகம் மருந்துக்கடை, இந்த முகம் இரண்டாவது எழுத்து சின்னதாகப் போனதால் திரும்பி வந்தது என்பது தெரியும்.

பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்தால் அவளுக்குப் பொழுது போய்விடும். “அதோ நம்ம எழுத்து,” என்பாள். விழுந்துபோன எழுத்து கண்ணில் பட்டால் அடுத்த ஸ்டாப்பில் இறங்கி, கடைக்குள் போய், “அண்ணா, உங்க போர்டுல நாலாவது எழுத்து காணோம்,” என்று சொல்லிவிட்டு வருவாள். அவள் கணவர் ஜெயச்சந்திரன் ஆட்டோ ஓட்டுகிறவர். “இவளோட வெளியே போனா சினிமாவுக்குப் போய்ச் சேர மாட்டோம், இன்டர்வெல்லுக்குத்தான்,” என்று ஒருமுறை பட்டறை வாசலில் நின்று அலுத்துக்கொண்டார்.

கிளாமருக்குப் பிறகு டிரே கீழே போவது வழக்கமாகிவிட்டது. ராகவேந்திரா சாப்பிடப் போகும் நேரம் பார்த்து அனுபமா படியிறங்குவாள். செல்லம்மா டப்பாவை ஓரமாக வைத்துவிட்டு எழுத்துகளைக் கவிழ்ப்பாள். சில நாள் ஒரு நிமிடம், சில நாள் அரை மணி. “இதுல ஒரு பேக்கரி ஒளிஞ்சிருக்கு, இரு,” என்பாள். கண்டுபிடித்ததும் நிமிர்ந்து, “நல்ல அர்த்தமா பாரு,” என்பாள். அனுபமா அர்த்தம் சொல்வாள். தான் பதினெட்டு வருஷமாகச் சுற்றி அனுப்பிய ஒரு வார்த்தைக்கு ‘விடியல்’ என்று அர்த்தம் தெரிந்த அன்று செல்லம்மா, “அடப்பாவி, அதை நான் பாத்ரூம் ஃபிட்டிங்ஸ் கடைக்கு இல்ல அனுப்பினேன்!” என்று கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள்.

மேலே போனதும் கதை வேறு. இரண்டாவது முறை, “நீயே யோசிச்சியா?” என்று ராகவேந்திரா நேராகக் கேட்டார். “ஆமா சார்,” என்றாள் அனுபமா. அந்த இரண்டு சொல்லும் அவள் வாயிலிருந்து அவ்வளவு சுலபமாக வந்தது அவளுக்கே ஆச்சரியம். ஐந்தாவது முறைக்குப் பிறகு அவர் கேட்பதையே விட்டுவிட்டார். வருகிறவர்களிடம், “நம்ம அனுபமா மண்டையில டிக்ஷனரி இருக்கு,” என்று அறிமுகம் செய்து வைத்தார். அவள் தலைகுனிந்து சிரிப்பாள். பணிவு என்று எல்லோரும் நினைத்தார்கள்.

செல்லம்மாவுக்கு இது தெரியாமல் இல்லை. டேனியல் மாடிக்குப் போய்வருகிறவர், அவர் சொல்லியிருப்பார். ஒருநாள் டிரேயை வாங்கும்போதே, “டிக்ஷனரி மேடம் வந்துட்டாங்களா?” என்று கேட்டாள். குரலில் கேலிதான், குத்தல் இல்லை. அனுபமாவுக்குக் காது மடல் சுட்டது. “அக்கா, நான் சார்கிட்ட சொல்லிடறேன்,” என்றாள்.

“சொல்லி? கைக்கு, எதுக்கு? கீழே உட்கார்ந்து பேக் பண்றவ பேர் சொன்னா அந்தப் பேருக்கே மரியாதை போயிடும்னு நினைப்பார். விடு,” என்றாள் செல்லம்மா.

அனுபமா விட்டாள். விடச் சொன்னதும் மனசுக்குள் ஒரு நிம்மதி வந்தது. இன்று யோசித்தால் அவளுக்கு அந்த நிம்மதிதான் அருவருப்பாக இருக்கிறது.

மழைக்காலம் தொடங்கியபோது செல்லம்மாவின் வலது முழங்கால் மடங்க மறுத்தது. பேக்கிங் மேஜைமேல் செய்கிற வேலை இல்லை; பெரிய எழுத்துகளைத் தரையில்தான் பரப்ப முடியும். டாக்டர், “இனிமேல் தரையில் உட்காரக் கூடாது, உட்கார்ந்தால் ஆபரேஷன்தான்,” என்று சொல்லிவிட்டார். அதே சமயத்தில் மாடியில் லேஅவுட் மேஜை காலியாயிற்று. அங்கே வேலை பார்த்த பாலச்சந்திரன் மகனோடு இருக்கப் புனேவுக்குப் போய்விட்டார். லேஅவுட் என்றால், எழுத்துகளைத் தாளின்மேல் இடைவெளி பார்த்து அடுக்கி, ஓட்டை போட வேண்டிய இடத்தைக் குறிப்பது. உயரமான மேஜை, முதுகு வைத்த நாற்காலி. செல்லம்மா அதைக் கேட்டாள். பதினெட்டு வருஷத்தில் அவள் முதலாளியிடம் தனக்கென்று கேட்டது அந்த நாற்காலி ஒன்றுதான். அது கிடைத்தால் பட்டறையில் இருக்கலாம். இல்லையென்றால் போக வேண்டியதுதான். எல்லோருக்கும் இது தெரியும்.

“செல்லம்மா, அது இங்கிலீஷ் தெரிஞ்சவங்க வேலை,” என்றார் ராகவேந்திரா. கெட்ட மனிதர் இல்லை அவர். வருத்தத்தோடுதான் சொன்னார். “உனக்கு ஏபிசிடி வரிசையே வராதே.”

“வரிசை வராது சார். வார்த்தை வரும். ஒரு டிரே குடுங்க, உங்க முன்னாடியே வெச்சுக் காட்டறேன். சரியா இருந்தா நாற்காலி குடுங்க. தப்பா இருந்தா நானே வேலையிலிருந்து நின்னுக்கறேன்.”

அவர் சிரித்துவிட்டு, “சரி. வியாழக்கிழமை போவன்பள்ளியிலிருந்து ஒரு டெய்லரம்மா வர்றாங்க. அவங்க போர்டை நீயே பண்ணு. சரியா தப்பான்னு நம்ம அனுபமா சொல்லுவா,” என்றார்.

அனுபமா அப்போது பக்கத்து மேஜையில் இருந்தாள். கணினித் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

வியாழக்கிழமைக்கு முன் அவளுக்கு மூன்று நாள் இருந்தன. அந்த மூன்று நாளும் அவள் நினைத்தது செல்லம்மாவின் முழங்காலைப் பற்றி இல்லை. செல்லம்மா எல்லோர் முன்னாலும் ஒரு வார்த்தையை எடுத்துவிட்டால், ராகவேந்திரா ஒரு நொடி யோசிப்பார். அப்படியானால் இதுவரை வந்த பெயரெல்லாம் எங்கிருந்து வந்தன என்று கேட்பார். அந்தக் கேள்விதான் அவளுக்குள் ஓடிக்கொண்டிருந்தது. பொய் சொல்ல வேண்டும் என்று அவள் முடிவு செய்திருந்தாள் என்று சொல்ல முடியாது. உண்மை சொல்ல வேண்டும் என்றும் முடிவு செய்யவில்லை. எதையும் முடிவு செய்யாமலேயே வியாழக்கிழமை வந்துவிட்டது.

டெய்லரம்மாவின் பெயர் ஷர்மிளா. மார்க்கெட்டுக்குப் பின் தெருவில் லேடீஸ் டெய்லரிங் கடை திறக்கப் போகிறாள். கழுத்தில் இஞ்சு டேப்பைக்கூடக் கழற்றாமல் வந்திருந்தாள். ராகவேந்திரா ஆறு அங்குல ஸ்டீல் எழுத்துகள் பதினொன்றை டிரேயில் போட்டார்: ஈ மூன்று, எச், ஐ, எல், எம், என், எஸ், ஏ, ஆர். செல்லம்மா படியேறி வந்திருந்தாள். கைப்பிடிச் சுவரைப் பிடித்து, ஒரு படிக்கு இரண்டு காலும் வைத்து ஏறி வந்ததில் மூச்சு வாங்கியது. காலியாக இருந்த அந்த நாற்காலியில் உட்காரச் சொன்னார்கள். அவள் உட்காரவில்லை, மேஜை விளிம்பைப் பிடித்து நின்றாள்.

அனுபமா போனில் எழுத்துகளைத் தட்டி முடித்திருந்தாள். பட்டியல் வந்தது. ஏழெழுத்து வார்த்தைகளில் ‘ஹெம்லைன்’ அவள் கண்ணில் உடனே பட்டது. உடுப்பின் கீழ்விளிம்பு, அதாவது துணியை மடித்துத் தைத்து முடிக்கிற இடம் என்று அதற்கு அர்த்தம். லேடீஸ் டெய்லருக்கு அதைவிடப் பொருத்தமாக ஒரு வார்த்தையை யாராலும் யோசிக்க முடியாது. செல்லம்மா அதைக் கண்டுபிடிக்கக் கூடாதே என்று அனுபமா நினைத்தாள். ஆம், அப்படித்தான் நினைத்தாள்.

நாலைந்து நிமிடம் செல்லம்மாவின் விரல்கள் எழுத்துகளை நகர்த்தின. எஸ்ஸை ஒதுக்கினாள். ஏவையும் ஆரையும் ஒதுக்கினாள். ஓர் ஈயைத் தள்ளினாள். மிச்சம் ஏழு எழுத்துகளை வரிசையாக வைத்துவிட்டு, புடவைத் தலைப்பால் ஒவ்வொன்றிலும் படிந்த கைரேகையைத் துடைத்தாள்.

“இது சார். பன்னிரண்டு வருஷம் முன்னாடி பஞ்சாரா ஹில்ஸுக்குப் போச்சு. பொம்பளைங்க துணிக்கடைதான். இப்ப அந்தக் கடை இல்ல.”

ராகவேந்திரா குனிந்து எழுத்துக் கூட்டினார். “ஹெம்... லி... னே? இதென்னம்மா, ஆள் பேரா?”

“எப்படிச் சொல்லணும்னு தெரியாது சார். ஆனா இது வார்த்தைதான்.”

ஷர்மிளா எட்டிப் பார்த்தாள். “ஹெம்மிங்னு நாங்க சொல்லுவோமே, பாவாடை அடியில தைக்கிறது. அந்த மாதிரி இருக்கே.”

ராகவேந்திரா திரும்பினார். “அனுபமா?”

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். போன் அவள் கையில் இருந்தது. திரையில் அந்த வார்த்தை இருந்தது.

“இல்ல சார். ஹெம்மிங் வேற. இப்படி ஒரு வார்த்தை இல்ல,” என்றாள். அடுத்த மூச்சில், “ஷைன் வைக்கலாம் சார். எஸ், எச், ஐ, என், ஈ. அஞ்சு எழுத்து,” என்றும் சொன்னாள்.

“ஷைன்! ஷைன் லேடீஸ் டெய்லர். நல்லாத்தானே இருக்கு?” என்றார் ராகவேந்திரா. ஷர்மிளாவும் நன்றாக இருக்கிறது என்றாள். துணிக்கடைக்கும் ஷைன், பாத்திரக்கடைக்கும் ஷைன், கார் கழுவும் கடைக்கும் ஷைன்தான் என்பது அங்கே யாருக்கும் தோன்றவில்லை, செல்லம்மாவைத் தவிர. அவள் தன்னைத் திரும்பிப் பார்ப்பாள் என்று அனுபமா காத்திருந்தாள். பார்க்கவில்லை. தான் வைத்த ஏழு எழுத்துகளையே பார்த்துக்கொண்டிருந்தாள், நன்றாகத் தெரிந்த ஒருவரை வழியில் கூப்பிட்டு, அவர் திரும்பிப் பார்த்தால் வேறு யாரோ என்று தெரிந்ததைப் போல. பிறகு அவற்றை ஒவ்வொன்றாக டிரேயில் போட்டாள்.

“வயசாச்சுல்ல சார்,” என்றாள். “நான் வர்றேன்.”

அவள் படியிறங்கும் சத்தம் வெகுநேரம் கேட்டது.

லேஅவுட் நாற்காலி ராகவேந்திராவின் தங்கை மகனுக்குப் போயிற்று. செல்லம்மா இன்னும் ஐந்து வாரம் கீழே இருந்தாள். பெரிய எழுத்துகளை டேனியல் எடுத்துக் கொடுக்க, இரும்புப் பெட்டிமேல் உட்கார்ந்து குனிந்து குனிந்து சுற்றினாள். பிறகு வருவதை நிறுத்திவிட்டாள். இப்போது லாலாகுடா கேட்டுக்கு அருகே ஒரு டிபன் சென்டரில் டோக்கன் கொடுக்கிறாள் என்று டேனியல் சொன்னார். அங்கே நாற்காலி உண்டாம்.

அவள் போன மறுவாரம் அனுபமா ராகவேந்திராவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். கிளாமரில் தொடங்கி, ஒவ்வொரு பெயராக, வியாழக்கிழமை வரைக்கும். சொல்வதற்கு முந்தின இரவு தூக்கமில்லை. வேலை போகும், திட்டு விழும், யாராவது செல்லம்மாவின் வீட்டுக்குப் போய்க் கூட்டி வருவார்கள் என்றெல்லாம் நினைத்திருந்தாள். அவர் கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “ஐயோ, பாவம்,” என்றார். கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டு, “இப்ப அந்த மேஜைக்கு ஆள் போட்டாச்சே அம்மா,” என்றார். அதோடு அவருக்கு அது முடிந்தது. அவளை வேலையை விட்டு நீக்கவில்லை. நீக்கியிருந்தால் ஓரளவு நன்றாக இருந்திருக்கும்.

டிரே இப்போதும் அவளிடம்தான் வருகிறது. போனில் தட்டிப் பார்த்து ஏதாவது ஒன்றை எடுத்துக் கொடுக்கிறாள். பழைய மாதிரி யாரும் பாராட்டுவதில்லை. “என்னாச்சு உன் டிக்ஷனரிக்கு?” என்று தங்கை மகன் ஒருநாள் கேட்டான். செகந்திராபாத் பஸ்களில் லாலாகுடா வழியாகப் போகிற வண்டியில் அவள் ஏறுவதில்லை. சுற்றிக்கொண்டு போகிறாள். அந்த டிபன் சென்டருக்குப் போய், டோக்கன் வாங்கி, எதிரே நின்று சொல்லிவிட வேண்டும் என்று ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் நினைக்கிறாள். போய் நின்று என்ன சொல்வது என்பது அவளுக்குத் தெரியும். சொல்ல வேண்டியது ஒரே ஒரு சொல். அதைச் சொல்ல வேண்டிய நாளில் சொல்லாமல் விட்டதுதான் காலை இழுக்கிறது.

ஏனென்றால் செல்லம்மா அவளைக் கேட்டாள். வியாழக்கிழமைக்கு மறுநாள், சாப்பாட்டு நேரத்தில். அனுபமா தண்ணீர் பிடிக்கக் கீழே இறங்கியிருந்தாள். போன் வைத்திருக்கிற டேனியல் பக்கத்திலேயே இருந்தார். அவரிடம் கேட்டிருந்தால் அரை நிமிடத்தில் பார்த்துச் சொல்லியிருப்பார். அவரிடம் அவள் கேட்கவில்லை. அவர் கை கழுவப் போகும்வரை காத்திருந்தாள். பிறகு இரும்புப் பெட்டியிலிருந்து எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு அனுபமாவுக்கு அருகில் வந்தாள். முகத்தில் கோபம் இல்லை. ஒரு பயம்தான் இருந்தது. அனுபமா பாட்டில் நிரம்பி வழிவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். மாடியிலிருந்து யாரோ கூப்பிடுகிற மாதிரி பாவனை செய்து, பதில் சொல்லாமலே ஏறிப் போய்விட்டாள்.

செல்லம்மா தணிந்த குரலில் கேட்டது இதுதான்:

“பாப்பா, நாற்காலி போனா போகட்டும். சார்கிட்ட நீ எதுவும் சொல்ல வேண்டாம். என்கிட்ட மட்டும் சொல்லு, அந்த வார்த்தை இருக்கா, இல்லையா? ராத்திரி பூரா யோசிச்சேன். அது இல்லைன்னா, என் தலையில இருக்கிற மத்ததையும் இனிமே நான் எப்படி நம்பறது? உனக்குத் தெரியும். கொஞ்சம் சொல்லும்மா.”